டைனமோ ஹப்பை ஆக்கர் கடைக்கு போடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் திருவட்டார் பக்கம் உள்ளவன், மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு. உங்க பேப்பரை தினமும் வாசிக்கிறவன், ஆனா எழுதுறது இதுதான் முதல் தடவை. போன மாசம் மார்த்தாண்டத்துல ஒரு ஆக்கர் கடையில, அதாவது பழைய இரும்புக்கடையில, கண்ட ஒரு விஷயம் மனசுல கிடந்து உறுத்திட்டே இருக்கு, அதுனால எழுதுதேன். கொஞ்சம் நீளமா போச்சு, முடிஞ்சா வெட்டாம போடுங்க, ஏன்னா பாதி விவரம் போனா செய்யுறவங்களுக்கு உபயோகப்படாது.

வீட்டு கேட்டுக்கு ஒரு பழைய கொண்டி கிடைக்குமான்னு தேடி போனேன். அங்க ரிம்மும் கம்பியும் குவிஞ்சு கிடந்த இடத்துல ஒரு முன்வீல், வீலுக்க நடுவுல, சாதாரணமா விரல் தடிமனுக்கு ஹப்பு இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாசர் அகலத்துக்கு தடிச்ச வட்டம். கடையில நிக்கிற பையன் கட்டிங் பிளேயரை வச்சு கம்பியை ஒவ்வொண்ணா நறுக்கிட்டு இருந்தான், ரிம் தனியா ஹப் தனியா பிரிச்சாத்தான் தரம் பிரிச்சு எடை போட முடியும்னு சொன்னான், அவன் மேல குத்தமில்ல, அது அவனுக்க தொழில். "மக்கா நிறுத்து, அதை அப்படியே தா"ன்னு வாங்கி வேட்டித் தலப்பால துடைச்சு பாத்தா, கறுத்துப்போன எழுத்துல கம்பெனி பேரு ஸ்டர்மி ஆர்ச்சர், டைனோஹப், மாடல் ஜி.எச்.6, பக்கத்துல 55ன்னு ரெண்டு இலக்கம். டைனோஹப்னா வீல் சுத்தும்போது லைட்டுக்கு கரண்ட் உண்டாக்குற டைனமோ ஹப்புக்குள்ளயே இருக்கிறது. அது 1955ல செஞ்சதுன்னு அர்த்தம், அந்த கம்பெனி ஹப்புல வருஷத்தை அப்படித்தான் ரெண்டு இலக்கமா அடிச்சிருப்பாங்க. ஆக்ஸிலை ரெண்டு கையிலயும் பிடிச்சு வீலை பைய சுத்தி பாத்தேன், வழுக்கிட்டு போகாம விட்டு விட்டு, படிப்படியா, விரலுக்கு தெரியுற மாதிரி இழுத்து இழுத்து சுத்துச்சு. அந்த இழுப்பு இருந்தா உள்ள காந்தம் நல்லா உயிரோட இருக்குன்னு அர்த்தம். முந்நூறு ரூபா கேட்டாங்க, பேரம் பேசாம குடுத்துட்டு பஸ்ல மடியில வச்சு கொண்டு வந்தேன்.

எதுக்கு இவ்வளவு பதட்டம்னா, எனக்க அப்பாக்க ராலே சைக்கிள்ல இதே ஹப்புதான். அப்பா குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டுல கணக்கு எழுதினவர். பால்வெட்டு தொழிலாளிங்க வெளுப்பாங்காலத்துக்கு முன்னாலயே தோட்டத்துல இறங்கணும், வெயில் ஏறுறதுக்கு முன்ன, மரத்துல குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நல்லா ஓடும், அதுக்கு தக்க அப்பாவும் நாலு மணிக்கே சைக்கிளை எடுத்து சவுட்டுவார். அந்த ரோட்டுல அப்போ தெருவிளக்கு கிடையாது. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம் மேல கூடி மூடி நிக்கும், நிலா இருந்தாலும் ரோட்டுல வெளிச்சம் விழாது. பின்னால கேரியர்ல உக்காந்து நானும் போயிருக்கேன், சின்ன வயசு. முன்னால மஞ்சளா ஒரு வட்டம் ரோட்டுல ஓடிட்டே இருக்கும், ஏத்தத்துல சவுட்ட முடியாம வேகம் குறையும்போது அது சிவந்து மங்கும், இறக்கத்துல வெளுத்து பாயும், இது இப்பவும் எனக்கு நல்ல ஓர்மை. டயர்ல உரசுற பாட்டில் டைனமோ வச்சவங்க போனா ங்ஙொய்னு ஒரு சத்தம் வரும், அப்பாக்க சைக்கிள்ல சத்தமே கிடையாது, டயர் மண்ணுல உருளுற சத்தம் மட்டும்தான்.

அந்த சத்தம் ஏன் இல்லன்னா, உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசாது. ஆக்ஸில்ல நடுவுல காயில் அசையாம நிக்கும், அதைச் சுத்தி வளையமா காந்தம், 20 துருவம் உள்ளது, அது வீலோட சேந்து சுத்தும், ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி. தேயுறதுக்கு பேரிங்க் பால்ஸும் கோனும் தவிர ஒண்ணுமே கிடையாது. 1930கள்ல இங்கிலாந்துல நாட்டிங்காம்ல ராலே கம்பெனி ஆளுங்க கண்டுபிடிச்சது, ஸ்டர்மி ஆர்ச்சரும் அவங்களுக்க கம்பெனிதான், முதல்ல 12 வோல்ட், பொறவு 8, கடைசியா 6 வோல்ட்டுன்னு வந்து, 1984 வரைக்கும் செஞ்சாங்க. நம்ம ஜில்லாவுல திருவனந்தபுரத்துல இருந்து வாங்கினவங்க, கொழும்புல இருந்து கொண்டு வந்தவங்கன்னு பல வீட்டுல இந்த வண்டி இருந்துச்சு. இப்ப அதெல்லாம் தாத்தா செத்த பொறவு தென்னைக்கு பின்னால சாத்தி வச்சு, பொறவு ஆக்கருக்கு போவுது. கேட்டா எல்லாரும் சொல்லுறது ஒரே பதில்தான், "லைட்டு எரியல, டைனமோ போச்சு".

போனது டைனமோ இல்ல சார், பல்பு. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டரே.

அந்த ஹப்பு 6 வோல்ட்டுல 2 வாட் தரும், அதாவது ஏறக்குறைய 0.3 ஆம்பியர். முன்னால 0.25 ஆம்பியர் பல்பு, பின்னால சிவப்புக்கு 0.04 ஆம்பியர் பல்பு, ரெண்டும் கூடினா கணக்கு சரியா போவும். ஆனா இந்த டைனமோக்க குணம் என்னன்னா, வோல்டேஜை கட்டுப்படுத்தி தராது, ஒரு குறிப்பிட்ட அளவு கரண்டை எப்படியாவது தள்ளப் பாக்கும். பின் பல்பு ஃபியூஸ் ஆனா அதுக்கு போக வேண்டிய கரண்டும் முன் பல்புக்கு போவும், அடுத்த இறக்கத்துல அதுவும் வெள்ளையா மின்னிட்டு போயிரும். அப்பா ஒரு தடவை இப்படி நட்ட இருட்டுல ரெண்டு பல்பும் போயி வீட்டுக்கு தள்ளிட்டே வந்தார், அதுல இருந்து சட்டைப்பையில தீப்பெட்டிக்குள்ள பஞ்சு வச்சு ரெண்டு பல்பு எப்பவும் கொண்டு நடப்பார். இப்ப அந்த பல்பு தேடினா கிடைக்காது. கிடைக்கலைன்னு டார்ச் பல்பை திருகி போடுறாங்க, அது 6 வோல்ட் தாங்காது, முதல் இறக்கத்துலயே கறுத்துரும், உடனே டைனமோ மேல பழி. பல்பு போச்சுன்னா பல்பைத்தான் மாத்தணும், இப்ப மாத்த வேண்டியது எல்இடிக்கு.

நான் செஞ்சதை அப்படியே சொல்லுதேன், வயரிங் தெரிஞ்ச ஒரு பையன் சாயங்காலம் உக்காந்தா செஞ்சு முடிக்கலாம். ஹப்புல இருந்து வர்றது ஏசி, எல்இடிக்கு வேண்டியது டிசி. அதனால முதல்ல, கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடுற டயோடு நாலு வச்சு பிரிட்ஜ். சாதா சிலிக்கன் டயோடு போட்டா கரண்ட் ஒவ்வொரு தடவையும் ரெண்டு டயோடு வழியா போகணும், ஒவ்வொண்ணும் 0.7 வோல்ட் தின்னும், இருக்கறதே 6 வோல்ட், அதுல கிட்டத்தட்ட ஒண்ணரை வோல்ட் வீண். அதுக்கு பதிலா ஷாட்கி டயோடு, 1என்5819ன்னு கேட்டா எலக்ட்ரானிக்ஸ் கடையில தருவாங்க, சில்லறை காசுதான், அது ஏறக்குறைய பாதிதான் தின்னும். அதுக்கு பின்னால கரண்டை கொஞ்சம் சேத்து வச்சு குடுக்கிற ஒரு கெப்பாசிட்டர். அதுக்கு பின்னால 1 வாட் வெள்ளை எல்இடி ரெண்டை ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா தொடரா வைக்கணும், ஒண்ணுக்கு 3 வோல்ட் வீதம் ரெண்டுக்கும் 6 வோல்ட், அந்த ஹப்புக்குன்னே அளவெடுத்த மாதிரி பொருந்துது. 1 வாட் எல்இடி 350 மில்லி ஆம்பியர் வரைக்கும் தாங்கும், நம்ம ஹப்பு 300 கிட்டத்தான் தரும், அதனால தனியா கரண்ட்டை கட்டுப்படுத்த ஒரு சர்க்யூட்டும் வேண்டாம், ஹப்பே கட்டுப்படுத்திக்கும். பழைய பல்பு ஒரு வாட்டுக்கு பத்து லூமனோ (வெளிச்சத்துக்க அளவு) அதுக்கு கொஞ்சம் கூடவோதான் வெளிச்சம் தரும், எல்இடி நூறு கிட்ட தரும். அதே ஹப்பு, அதே சவுட்டு, வெளிச்சம் பல மடங்கு.

கெப்பாசிட்டர் எதுக்குன்னு கேட்பாங்க. 28 இஞ்சு வீல் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் கிட்ட போவும். மணிக்கு 15 கிலோமீட்டர்ல போனா செகண்டுக்கு ஏறக்குறைய ரெண்டு சுத்து. 20 துருவம்னா ஒரு சுத்துக்கு பத்து அலை, ஆக செகண்டுக்கு 19 அலைதான். நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல்புல கம்பி சூடா இருக்கறதுனால இந்த துடிப்பு கண்ணுக்கு அவ்வளவா தெரியாது, ஆனா எல்இடி ஒவ்வொரு அலைக்கும் பட்டு பட்டுன்னு அணைஞ்சு எரியும். ஏத்தத்துல வேகம் குறைஞ்சா ரோடே துடிக்கிற மாதிரி இருக்கும், தலை சுத்தும். நான் 4700 மைக்ரோஃபாரட் போட்டேன், துடிப்பு நல்லா அடங்கிச்சு, ரொம்ப மெதுவா போகும்போது மட்டும் லேசா தெரியும்.

இதுல ஒரு தப்பு பண்ணினேன், அதையும் சொல்லுதேன், வேற யாரும் பண்ணாம இருக்கட்டும். முதல்ல கையில இருந்த 10 வோல்ட் கெப்பாசிட்டரை போட்டுட்டேன், 6 வோல்ட் டைனமோதானேன்னு. ஆற்றூர் பக்கம் ஒரு இறக்கத்துல எல்இடிக்கு போற வயர் ஈயம் விட்டு கழண்டுச்சு, லைட் அணைஞ்சுது, அணைஞ்ச அடுத்த நொடி ஹெட்லைட் டூமுக்குள்ள டப்புன்னு ஒரு வெடி, புகை, காரமா ஒரு நாத்தம். கரண்ட் போக வழி இல்லாம ஆனதும் ஹப்பு வோல்டேஜை ஏத்திட்டே போயிருக்கு, கெப்பாசிட்டருக்க தலை பிளந்துருச்சு. லோடு இல்லாத டைனமோ இறக்கத்துல 6 வோல்ட்டோட நிக்கவே நிக்காது, அதுக்கு மேல பல மடங்கு போவும். இப்ப 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டு, கூடவே வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல ஏறாம பிடிக்கிற ஜீனர் டயோடு, 10 வோல்ட் 5 வாட்ல ஒண்ணு, குறுக்கே வச்சிருக்கேன், வயர் கழண்டாலும் அந்த ஜீனர் தாங்கிக்கும். ஈயம் வைக்கிற இடத்துல வயரை ஒரு சுத்து சுத்தி முறுக்கி வச்சுட்டுத்தான் ஈயம் வைக்கணும், சைக்கிள் அதிர்ற வண்டி.

வயர் பத்தி ஒண்ணு. இந்த ஹப்புல ரெண்டு டெர்மினல் உண்டு. பாட்டில் டைனமோக்கு பண்ணுற மாதிரி ஒரு வயரை மட்டும் இழுத்து இன்னொண்ணை சைக்கிள் பாடியில எர்த்தா விடப்படாது, ரெண்டு வயரும் லைட் வரைக்கும் போகணும். நம்ம ஊர்ல உப்புக்காத்து வேற, மேற்க அரபிக்கடல், குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவங்களுக்கு சொல்லவே வேண்டாம், ஆறு மாசத்துல டெர்மினல் பச்சை பிடிச்சிரும். நல்லா உரசி பளபளன்னு ஆக்கி, வயரை இறுக்கி, மேல கொஞ்சம் வாஸ்லின் தடவி விட்டா போதும். எரியாத லைட்டுல பாதிக்கு மேல இந்த பச்சை பிடிச்ச டெர்மினல்தான் காரணம், முதல்ல அதை பாக்கணும்.

எல்இடியை பழைய ஹெட்லைட் டூமுக்குள்ளயே வச்சேன், அப்பாக்க சைக்கிள் முகம் மாறப்படாதுன்னு ஆசை. ஆனா உள்ள இருக்கிற வெள்ளி பூசின கிண்ணம் பல்புக்கு செஞ்சது, பல்பு நாலா பக்கமும் வெளிச்சம் தரும், கிண்ணம் அதை கூட்டி முன்னால எறியும். எல்இடி முன்பக்கம் மட்டும்தான் வீசும், கிண்ணத்துல படவே படாது. அதனால எல்இடி மேல பிளாஸ்டிக் லென்ஸ் ஒண்ணு வைக்கணும், 30 டிகிரின்னு கேட்டு வாங்கினேன். அடியில ஒரு அலுமினிய தகடு, சூடு இறங்க. பொறவு டூமை கீழ சாச்சு, வெளிச்சத்துக்க நடு சைக்கிளுக்கு முன்னால ஆறேழு மீட்டர்ல ரோட்டுல விழுற மாதிரி திருகி இறுக்கினேன். இதை யாரும் விட்டுரப்படாது. இப்ப விக்கிற சார்ஜ் லைட்டை பயலுக நேரா எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கிற மாதிரி மாட்டிட்டு, அதையும் மினுக் மினுக்குன்னு விட்டுட்டு வர்றாங்க, எதிர்ல பைக் ஓட்டிட்டு வர்றவனுக்கு ஒரு நிமிஷம் ரோடே தெரியாது, வளைவுல அது ஆபத்து.

பின்லைட்டுக்கு சிவப்பு எல்இடி ஒண்ணு, 220 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. கூட ஒரு 5.5 வோல்ட் 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர், அதுக்கு 5 வோல்ட்டுக்கு மேல ஏறாம காவலுக்கு ஒரு சின்ன ஜீனர். சைக்கிளை நிறுத்தினா முன்லைட் அணையும், பின்னால சிவப்பு மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் எரிஞ்சு பைய மங்கும். திருவட்டார் ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு வழி விட்டு ஓரமா நிக்கும்போது பின்னால வர்றவனுக்கு நம்மளை தெரியும். அந்த காலத்துல இந்த குறைக்குன்னே ராலே கம்பெனி சைக்கிள் சட்டத்துல மாட்டுறதுக்கு பேட்டரி வைக்கிற குழாய் ஒண்ணு வித்தாங்க, நின்னா பேட்டரியில எரியும். நான் சின்ன வயசுல ஒரு டாக்டருக்க சைக்கிள்ல பாத்திருக்கேன், நம்மால வாங்க முடியாத சாமான். இப்ப அந்த வேலையை கொட்டைப்பாக்கு அளவுல உள்ள ஒரு கெப்பாசிட்டர் செய்யுது.

எல்லாம் சேத்து எனக்கு முந்நூறு ரூபாய்க்குள்ளதான் ஆச்சு, ஹப்பு விலை தனி. சர்க்யூட் கட்ட மனசில்லாதவங்களுக்கு ரெடிமேடாவும் உண்டு. ஜெர்மனியில டைனமோ லைட்டுன்னா பெரிய விஷயம், 2013 வரைக்கும் அங்க சாதாரண சைக்கிள்ல டைனமோ லைட்தான் வைக்கணும்னு சட்டமே இருந்துச்சு, அதனால நல்ல நல்ல எல்இடி லைட் செய்யுறாங்க, வெளிச்சம் மேல போகாம ஒரு கோடு போட்ட மாதிரி வெட்டி நிக்கும். அதெல்லாம் 6 வோல்ட் 3 வாட் ஹப்புக்கு செஞ்சது, நம்மது 2 வாட், ஆனாலும் எரியும், வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அங்க நர்ஸ் வேலையில உள்ள நம்ம ஊர் பிள்ளைங்க நிறைய பேரு உண்டு, லீவுக்கு வரும்போது கொண்டு வரச் சொல்லுறவங்க ஒண்ணை கவனிக்கணும், அதே லைட் பேட்டரி சைக்கிளுக்குன்னு டிசி மாடலாவும் வருது, அது இதுல எரியாது, டைனமோ மாடல்னு கேட்டு வாங்கணும்.

இனி சொல்லப்போறது முக்கியமான விஷயம், சைக்கிள் கடை வச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு வாசிக்கணும்.

அப்பா இறந்த பொறவு அவருக்க சைக்கிளை ஒரு கடையில குடுத்தேன், எந்த கடைன்னு சொல்ல வரல, நல்ல வேலைக்காரர்தான். முன்வீல் கரகரன்னு சத்தம், கோனை கழட்டி கிரீஸ் வச்சு தாங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாள் போனா ஹப்பை மொத்தமா பிரிச்சு, காயிலை தனியா உருவி எடுத்து, காந்த வளையத்தை தனியா பலகையில வச்சு, ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்கு. அவர் மண்ணெண்ணெய்ல கழுவி, கிரீஸ் வச்சு, அழகா திரும்ப பூட்டி தந்தார். வீல் தொட்டா சுத்துச்சு, அந்த படிப்படியான இழுப்பு இல்ல. எனக்கு அப்பவே என்னமோ போல இருந்துச்சு. லைட்டை போட்டா பாதி வெளிச்சம் கூட இல்ல. அந்த காலத்து காந்தம் இப்ப உள்ள நியோடைமியம் மாதிரி இல்ல, நடுவுல இரும்பு இருக்கிற வரைக்கும்தான் பலத்தை பிடிச்சு வச்சிருக்கும். காயிலை உருவும்போதே அதே அளவுல ஒரு இரும்பு வளையத்தை உள்ள தள்ளிட்டே வரணும், காயில் வெளிய வர வர வளையம் உள்ள போகணும், நடுவு ஒரு நொடி கூட காலியா இருக்கப்படாது. காலியானா அந்த நிமிஷமே பலம் இறங்கிரும், திரும்ப காயிலை வச்சாலும் வராது. கம்பெனி பேப்பர்லயே இதை எச்சரிக்கையா போட்டிருந்தாங்க. அந்த மனுஷனுக்கு அது தெரியாது, சொல்லிக்குடுக்க ஆளும் இல்ல, எனக்கும் அன்னைக்கு தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் பக்கத்துல நின்னிருப்பேன்.

இதுல வருத்தம் என்னன்னா, கிரீஸ் வைக்க காயிலை உருவ வேண்டிய தேவையே கிடையாது. காந்தமும் காயிலும் சேந்தபடி, ஒரே கட்டா, பக்கவாட்டு நட்டுகளை கழட்டி ஹப்பை விட்டு வெளிய எடுத்துரலாம். அப்படியே ஒரு துணியில சுத்தி இரும்புத்தூள் படாத இடத்துல வச்சுட்டு, பால்ஸ் வேலையை முடிச்சுட்டு திரும்ப பூட்டலாம். அவ்வளவுதான்.

ஆக்கர் கடையில வாங்கின ஹப்பை தக்கலையில ஒரு பெரியவர் பழைய ரிம்முல கம்பி கோத்து கோட்டம் எடுத்து தந்ததும் ரெண்டு வீலையும் அளந்து பாத்தேன். 20 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணை லோடா குடுத்து, மல்ட்டிமீட்டரை ஹேண்டில்பார்ல கட்டி, ஒரே ரோட்டுல ஒரே வேகத்துல, முதல்ல அப்பாக்க வீல், பொறவு ஆக்கர் வீல். பேரன் பக்கத்துல அவனுக்க சைக்கிள்ல வந்து மீட்டரை வாசிச்சு சொன்னான். அப்பாக்க வீல்ல மூணரை வோல்ட், ஆக்கர் வீல்ல ஆறு. எழுபது வருஷத்துக்கு முன்ன செஞ்ச சாமான், எந்த வீட்டுல எத்தனை மழை நனைஞ்சு கிடந்ததோ தெரியாது, யாரும் பிரிக்காம விட்டதுனால முழு பலத்தோட இருக்கு. அது இப்ப அப்பாக்க சைக்கிள்ல ஓடுது.

அந்த மூணரை வோல்ட் ஹப்பையும் நான் எறியல. ரெண்டு எல்இடிக்கு பத்தாது, ஆனா ஒரே ஒரு எல்இடிக்கு 3 வோல்ட் போதும், மீதி டயோடு தின்னுறதுக்கு சரியா போவும். ஒத்தை எல்இடி வச்சு பாத்தேன், நடக்கிற வேகத்துலயே பத்திக்குது, பழைய பல்பை விட நல்ல வெளிச்சம். அதனால காந்தம் தளந்த ஹப்பு வச்சிருக்கிறவங்களும் ஆக்கருக்கு போட வேண்டாம்.

இதெல்லாம் எதுக்கு, ஆன்லைன்ல நூறு இருநூறு ரூபாய்க்கு சார்ஜ் லைட் கிடைக்குதேன்னு எனக்க மகனே கேட்டான். சார்ஜ் லைட் கொள்ளாம், நான் குறை சொல்லல. ஆனா அதை யாராவது ஓர்மையா சார்ஜ் போடணும். எங்க தெருவுல பால்வெட்டுக்கு போறவர் ஒருத்தர் உண்டு, ராத்திரி எட்டு மணிக்கு படுத்தா மூணு மணிக்கு எழும்புவார், பாதி நாள் அவருக்க லைட் வழியிலயே அணைஞ்சு போவும், தலையில கட்டுற லைட்டை போட்டுட்டு போவார், அந்த லைட்டு தோட்டத்துல வேலைக்கு வேணும், பின்னால வர்ற லாரிக்கு அதுல ஒண்ணும் தெரியாது. நம்ம ஜில்லாவுல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, வருஷத்துல பாதி நாள் ரோடு நனைஞ்சுதான் கிடக்கும். நனைஞ்ச டயர்ல பாட்டில் டைனமோ வழுக்கும், உள்ள மழை வெள்ளம் போன சார்ஜ் லைட் திரும்ப எரியாது. ஹப்பு டைனமோக்கு மழையும் வெயிலும் ஒண்ணுதான், வீல் சுத்தினா லைட் எரியும். கடற்கரையில இருந்து மீன் கொண்டு வர்றவங்க, பேப்பர் போடுற பிள்ளைங்க, உங்க பேப்பரையும் சேத்துத்தான் சொல்லுதேன், எல்லாரும் இருட்டுல சைக்கிள்ல போறவங்க. இப்ப புது சைக்கிள்ல ரிஃப்ளெக்டர் கண்டிப்பா வேணும்னு 2020ல மத்திய அரசு ஆணை போட்டுச்சு, நல்ல காரியம், ஆனா ரிஃப்ளெக்டர் அடுத்தவன் லைட் அடிச்சாத்தான் மின்னும், சவுட்டுறவனுக்கு ரோட்டுல கிடக்கிற குழி தெரியாது.

கோணம் ஐடிஐயில எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைங்க இதை செஞ்சு பாக்கணும்னு எனக்கு பெரிய ஆசை. நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ரெண்டு எல்இடி, புஸ்தகத்துல படிக்கிற, ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையர் கண்ணு முன்னால ரோட்டுல எரியும். வீட்டுல தாத்தா சைக்கிள் சும்மா கிடக்கிறவங்க முன்வீலை தூக்கி ஒரு தடவை சுத்தி பாருங்க, நடு தடிச்சிருந்து, விட்டு விட்டு இழுத்தா அது உயிரோட உள்ள டைனமோ, ஒரு மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ரெண்டு டெர்மினல்லயும் தொட்டா முள்ளு ஏறும். சைக்கிள் கடைக்காரங்களுக்கு, காயிலை எப்படியும் உருவித்தான் ஆகணும்னு ஒரு நிலை வந்தா, ஜி.எச்.6 அளவுக்கு இரும்பு வளையம் ஒண்ணு லேத்துல கடைஞ்சு வச்சிருக்கேன். திருவட்டார் வந்து அந்த பழைய வயர்மேன்னு கேட்டா வீட்டை காட்டுவாங்க, வாங்கிட்டு போயி வேலை முடிஞ்சதும் திரும்ப தந்தா போதும்.

அந்த பால்வெட்டுக்காரருக்கு ஒத்தை எல்இடி வீலை போன வாரம் மாட்டி குடுத்தேன். மூணரை மணிக்கு எங்க வீட்டு முன்னால போவும்போது மணி அடிச்சுட்டு போறார், ஜன்னல்ல வெளிச்சம் பட்டு நகந்து போறது படுத்த இடத்துல இருந்தே எனக்கு தெரியுது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
திருவட்டார், கன்னியாகுமரி மாவட்டம்.